மெஷின் விலை வேறு, ஆலை விலை வேறு!

கேள்வி: "என் வீட்டுக்காரரும் அவருடைய பங்காளிகள் மூன்று பேரும் சேர்ந்து, எலுமிச்சைப் புல்லிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை போட முடிவு செய்திருக்கிறார்கள். நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து 20 ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. மெஷின் கம்பெனிக்காரர் 12 லட்சம் ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். 16 லட்சத்தில் ஆலை முடிந்துவிடும், வருடத்துக்கு 86 லட்சத்துக்கு எண்ணெய் விற்கலாம் என்று திட்ட அறிக்கையும் அவரே போட்டுக் கொடுத்திருக்கிறார். வங்கிக் கடனுக்கு, என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த 2 ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தின் பத்திரத்தைக் கேட்கிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா? அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்."

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்.

பதில்: சகோதரி, இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 'இப்போதைக்கு' என்று சொல்வதைக் கவனியுங்கள். எலுமிச்சைப் புல் நல்ல பயிர். ஆடு மாடு அதிகம் கடிக்காது, வறட்சி தாங்கும், ஒருமுறை நட்டால் ஐந்து வருடம் வரை அறுக்கலாம். எண்ணெய்க்கும் சோப்பு, வாசனைப் பொருள் கம்பெனிகளில் தேவை இருக்கிறது. பயிரில் குறை இல்லை. நீங்கள் அனுப்பிய அறிக்கையில்தான் குறை இருக்கிறது. அதை உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கும் வருமானக் கணக்கு இது. ஒரு ஈட்டுக்கு ஒரு டன் புல், நாளைக்கு மூன்று ஈடு, வருடத்துக்கு 300 நாள். ஆக 900 டன் புல். அதில் 0.8 சதவீதம் எண்ணெய் என்றால் 7,200 கிலோ. கிலோ 1,200 ரூபாய் என்றால் 86 லட்சத்து 40 ஆயிரம். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால், அந்த 900 டன் புல் எங்கிருந்து வரும்?

உங்கள் பக்கத்து மண்ணில், ஓரளவு தண்ணீர் காட்டினால், ஏக்கருக்கு வருடம் 8 டன் பச்சைப் புல் என்று வைத்துக்கொள்வது நியாயம். 20 ஏக்கருக்கு 160 டன். 900 டன் வேண்டுமானால் 110 ஏக்கருக்கு மேல் புல் நிற்க வேண்டும். 160 டன் புல்லை, நாளைக்கு மூன்று டன் வீதம் வடித்தால் 54 நாளில் முடிந்துவிடும். மீதி நாள் முழுவதும் ஆலை பூட்டிக் கிடக்கும். கடன் தவணைக்கு மட்டும் பூட்டு கிடையாது.

தெலங்கானாவின் ராமகுண்டம் யூரியா ஆலையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 6,300 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டியது. நாளைக்கு 3,850 டன் யூரியா தயாரிக்கும் கொள்ளளவு. வருடக் கொள்ளளவு 12.7 லட்சம் டன். வகுத்துப் பாருங்கள், 330 நாள் கணக்கு வரும். குழாயில் இரவும் பகலும் எரிவாயு வந்துகொண்டிருக்கும் ஆலைக்கே 330 நாள். உங்கள் ஆலைக்கு மூலப்பொருள் 75 நாளுக்கு ஒருமுறை அறுவடைக்கு வரும் புல். அதற்கு 300 நாள் போட்டிருக்கிறார்கள். எனக்கு வரும் திட்ட அறிக்கைகள் பலவற்றிலும் இந்த 300 நாளைப் பார்க்கிறேன். காளான் என்றாலும் 300 நாள், கடலை எண்ணெய் என்றாலும் 300 நாள். கம்ப்யூட்டரில் ஒரே தாளை வைத்துக்கொண்டு பயிரின் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள் போலிருக்கிறது.

அடுத்தது 0.8 சதவீதம். புல்லை அறுத்து ஒரு நாள் வாட விட்டு எடை போட்டால், தண்ணீர் வற்றி எடை குறைந்திருக்கும். அந்த எடைக்கு எண்ணெய்ச் சதவீதம் கூடுதலாகத் தெரியும். வயலில் அறுத்த பச்சை எடைக்கு 0.5 சதவீதம் என்று போடுவதே பாதுகாப்பு. மழைக்காலத்தில் அதுவும் குறையும். 160 டன்னுக்கு 0.5 சதவீதம் என்றால் 800 கிலோ எண்ணெய். கிலோ 1,200 ரூபாய் என்ற அவர்கள் விலையையே வைத்துக்கொண்டாலும் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். 86 லட்சம் எங்கே, இது எங்கே!

இனி ஆலை கட்டும் செலவுக்கு வருவோம். பெரிய இரசாயன ஆலைகளைத் திட்டமிடும் பொறியாளர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் லாங் என்பவர் 1940-களின் பிற்பகுதியில் வெளியிட்டது. ஆலைக்குள் வந்து இறங்கும் இயந்திரங்களின் விலையை ஓர் எண்ணால் பெருக்கினால், ஆலை முழுவதும் கட்டி முடிக்க ஆகும் செலவு தோராயமாகக் கிடைக்கும். சிமென்ட் மாதிரி திடப்பொருளை மட்டும் கையாளும் ஆலைக்கு 3.10. திடப்பொருளும் திரவமும் கலந்து வரும் ஆலைக்கு 3.63. முழுக்கத் திரவமும் வாயுவும் ஓடும் ஆலைக்கு 4.74. காரணம் எளிது. இயந்திரம் தானாக ஓடாது. அதற்கு அஸ்திவாரம் வேண்டும், கூரை வேண்டும், குழாய், மின்சாரம், தண்ணீர், புகைபோக்கி எல்லாம் வேண்டும்.

உங்கள் ஆலையில் புல் உள்ளே போகிறது, எண்ணெய் வெளியே வருகிறது. எனவே இரண்டாவது வகை. ஆனால், இந்த எண்கள் பெரிய ஆலைகளை வைத்து எடுத்தவை. உங்களுடையதில் பாய்லர், வடிகலன், கண்டன்சர், எண்ணெய் பிரிக்கும் செப்பரேட்டர் நான்கையும் செய்துகொண்டு வந்து மாட்டிக் கொடுக்கிறார்கள். அதனால் 3.63 வரை போகாது. நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

மெஷின் 12 லட்சம். கொட்டேஷனின் அடியில் சிறிய எழுத்தில் 'வரி, வண்டி வாடகை தனி' என்று இருக்கிறது, பாருங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி 2 லட்சத்து 16 ஆயிரம். லாரி, கிரேன் 60 ஆயிரம். அறிக்கையில் கொட்டகைக்கு ஒன்றரை லட்சம் போட்டிருக்கிறார்கள். பாய்லர், வடிகலன், புல் குவிக்கும் களம், எண்ணெய் வைக்கும் அறை எல்லாவற்றுக்குமாக 1,500 சதுர அடியாவது வேண்டும். தகரக் கூரைதான் என்றாலும், கான்கிரீட் தளத்தோடு சேர்த்து சதுர அடி 400 ரூபாய்க்குக் குறைந்து வராது. அதற்கே 6 லட்சம். தண்ணீர்த் தொட்டி, குளிர்விக்கும் ஏற்பாடு, உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி ஆகியவற்றுக்கு 2 லட்சம். மின் இணைப்புக்கும் வயரிங்குக்கும் 1 லட்சத்து 25 ஆயிரம். நீராவிக் குழாய்க்கு மேல் சுற்றும் வெப்பத் தடுப்பு, புகைபோக்கி நிறுத்துவது எல்லாம் ஒரு லட்சம். எடை மேடை, எண்ணெய் டிரம், அனுமதிக் கட்டணங்கள், சோதனை ஓட்டத்தில் வீணாகும் புல்லும் விறகும் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம். கூட்டினால் 27 லட்சத்தைத் தாண்டுகிறது. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 30 லட்சம், அதாவது மெஷின் விலையில் இரண்டரை மடங்கு. உங்கள் ஊர் விலையில் முன்பின் இருக்கலாம். ஆனால், 16 லட்சத்தில் நிற்காது.

இதற்கு மேல் கையிருப்பும் வேண்டும். அறுப்புக் கூலியை அன்றன்றைக்குக் கொடுக்க வேண்டும்; எண்ணெய் விற்ற பணம் கைக்கு வர ஒரு மாதமாவது ஆகும். அந்த இடைவெளிக்கு 2 லட்சம் தனியாக வைத்திருக்க வேண்டும். அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. கட்டி முடித்த ஆலைகள் பல முதல் வருடத்திலேயே தடுமாறுவது இந்த இடத்தில்தான். கந்து வட்டிக்காரர் உள்ளே நுழைவதும் இந்த வழியாகத்தான்.

மின்சாரம் பற்றி ஒரு எச்சரிக்கை. விவசாயத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பிலிருந்து ஆலைக்கு வயர் இழுக்கக் கூடாது. இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டார் தண்ணீரை ஆலைக்குத் திருப்பவும் கூடாது. பிடிபட்டால் அபராதம், இணைப்புத் துண்டிப்பு இரண்டும் உண்டு. ஆலைக்குத் தனி இணைப்பு, தனிக் கட்டணம்தான். அதேபோல, அழுத்தத்தில் இயங்கும் பாய்லரைக் கொதிகலன் துறையில் பதிவு செய்து, வருடாந்திர ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். அதை இயக்கத் தகுதிச் சான்று பெற்ற ஆள் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாய்லர் விஷயத்தில் செலவு மட்டுமில்லை, உயிரும் இருக்கிறது.

ஓட்டும் செலவைப் பார்ப்போம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு டன் புல்லைச் சூடேற்றி எண்ணெயை வடித்தெடுக்க ஏறக்குறைய 450 கிலோ நீராவி வேண்டும் என்று கணக்கிடுகிறேன். ஒரு கிலோ தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து நீராவியாக்க 610 கிலோ கலோரி வெப்பம் தேவை. காய்ந்த விறகில் கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி இருக்கும். சிறிய பாய்லரில் அதில் பாதிதான் தண்ணீருக்குப் போய்ச் சேரும். ஆக ஒரு ஈட்டுக்கு 150 முதல் 160 கிலோ விறகு, சுமார் 900 ரூபாய். அறிக்கையில் 250 ரூபாய் போட்டிருக்கிறார்கள். அந்த 250 ரூபாய் விறகில் தண்ணீர் சூடாகும், எண்ணெய் வராது.

நீராவிக்குத் தண்ணீர் கொஞ்சம்தான். அந்த நீராவியை மறுபடி குளிர வைப்பதற்குத்தான் நிறைய வேண்டும். ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பத்தை வாங்கிக்கொள்ள, 20 டிகிரி மட்டும் சூடேற விட்டால், 27 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். புல்லைச் சூடேற்றுவதிலும் வழியிலும் செலவானது போக, கண்டன்சருக்கு 300 கிலோ நீராவி வந்தால் 8,100 லிட்டர். மூன்று ஈட்டுக்கு 24,000 லிட்டர். சித்திரை, வைகாசியில் உங்கள் ஊரில் இத்தனை தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? தொட்டி கட்டி, தண்ணீரை ஆற வைத்துத் திரும்பத் திரும்பச் சுற்ற விட்டால், ஆவியாகிப் போகும் சில நூறு லிட்டரை மட்டும் நிரப்பினால் போதும். அதனால்தான் குளிர்விக்கும் ஏற்பாட்டை மேலே சேர்த்தேன். கம்பெனிக்காரர் விட்டுவிட்டார்.

புல் ஏற்றி, சூடேற்றி, மூன்று மணி நேரம் வடித்து, சூடான சக்கையை இறக்க ஐந்து மணி நேரம் பிடிக்கும். மூன்று ஈடு என்றால் இரண்டு ஷிப்ட். பாய்லர் ஆள் ஒருவர், கை ஆட்கள் இரண்டு பேர் என்று ஷிப்டுக்கு மூன்று பேர் வைத்தால், ஒரு ஈட்டுக்கு 1,250 ரூபாய் கூலி. புல் அறுக்க, வண்டியில் கொண்டுவர 1,300. மின்சாரம், தண்ணீர், டிரம் வகையில் 250. வயலில் களை, உரம், பாசனத்துக்கு டன்னுக்கு 1,000. விறகு 900. மொத்தம் 4,700 ரூபாய். ஒரு ஈட்டில் கிடைக்கும் 5 கிலோ எண்ணெயின் விலை 6,000. மிச்சம் 1,300 ரூபாய்.

இந்த 1,300 ரூபாயிலிருந்துதான் கடனைக் கட்ட வேண்டும். 30 லட்சத்தில் கால்பங்கு கையிலிருந்து போட்டு, 22 லட்சத்து 50 ஆயிரம் கடன் வாங்கினால், 11 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு மாதத் தவணை 38,500 ரூபாய். வருடத்துக்கு 4 லட்சத்து 62 ஆயிரம். பராமரிப்பு, காப்பீடு, பாய்லர் ஆய்வு, ஆலை ஓடாத மாதமும் வரும் மின் கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஆலை நின்றாலும் ஓடினாலும் வருடம் 6 லட்சம் ஆகிவிடும். 6 லட்சத்தை 1,300-ஆல் வகுத்தால் 460-க்கு மேல். அதாவது வருடம் 460 டன்னுக்கு மேல் புல் வடித்தால்தான் கைப்பணம் போகாமல் இருக்கும். உங்களிடம் இருப்பது 160 டன். வருடம் ஏறக்குறைய 3 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் கையை விட்டுப் போகும். எண்ணெய் விலை கிலோ 900 ரூபாய்க்கு இறங்கினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பாருங்கள். ஓர் ஈட்டுக்கு வரவு 4,500, செலவு 4,700. ஓட்ட ஓட்ட நஷ்டம்.

'அப்படியானால் இன்னும் பெரிய மெஷினாகப் போட்டால் கட்டுப்படியாகுமே' என்று கம்பெனிக்காரர் சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை இருக்கிறது. கொள்ளளவு இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்காவதில்லை. ஒன்றரை மடங்குதான் ஆகும் என்பது இரசாயன ஆலைக்காரர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் கணக்கு. அதனால் பெரிய ஆலையில் டன்னுக்கு முதலீடு குறைவு. ஆனால், அது நிரம்பி ஓடும் ஆலைக்குப் பொருந்தும் கணக்கு. பாதி காலியாக ஓடும் பெரிய வடிகலன், நிரம்பி ஓடும் சின்ன வடிகலனைவிட மோசம்.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. வடித்த சக்கையைக் களத்தில் உலர்த்தி எரித்தால், வெயில் காலத்தில் விறகே வாங்க வேண்டாம். ஒரு டன் புல்லில் 250 கிலோவுக்குக் குறையாமல் காய்ந்த சக்கை மிஞ்சும்; அது தாராளமாகப் போதும். மழை மாதங்களைக் கழித்து, ஈட்டுக்கு 600 ரூபாய் மிச்சமாகிறது என்று வைத்தால் லாபம் 1,900 ஆகும். அப்போது 316 டன், அதாவது 40 ஏக்கர் புல் இருந்தால் வரவும் செலவும் சமமாகும். அக்கம்பக்கத்தில் இன்னும் 20, 30 ஏக்கர்காரர்கள் புல் நட்டு, உங்களிடம் கூலிக்கு வடித்துக்கொள்ள முன்வந்தால் ஆலை நிற்கும். அவர்களோடு வாய்ப்பேச்சில் நிறுத்தாமல், யார், எத்தனை ஏக்கர், எந்த மாதம் அறுப்பு என்று எழுதி வாங்குங்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டால் எல்லாம் ஒரே வாரத்தில் அறுப்புக்கு வந்து நிற்கும். பதினைந்து நாள் இடைவெளி விட்டு நட வேண்டும்.

இன்னொரு வழி, முதலில் 5 ஏக்கரில் மட்டும் நட்டு, ஏற்கெனவே ஓடும் ஆலையில் கூலிக்கு வடித்துப் பார்ப்பது. ஒரு டன்னை உங்கள் கண் முன்னால் எடை போட்டு, எத்தனை கிலோ எண்ணெய் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பி, அதில் சிட்ரால் எவ்வளவு என்று பாருங்கள். நல்ல எண்ணெயில் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வாங்குகிறவர் அதைப் பார்த்துத்தான் விலை சொல்வார். லக்னோவில் தலைமையகம் வைத்திருக்கும் சீமேப் என்ற மத்திய அரசின் மருத்துவ, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு பெங்களூரிலும் மையம் உண்டு. உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தூரம்தான். நாற்று, வடிகலன் அமைப்பு இரண்டைப் பற்றியும் அங்கே கேட்கலாம். கொட்டேஷனில் இருப்பது துருப்பிடிக்காத ஸ்டீலா, சாதா இரும்பா என்றும் கேளுங்கள். சாதா இரும்பில் துரு இறங்கினால் எண்ணெயின் நிறம் கெடும்.

கடைசியாக உங்கள் பத்திரம். கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால், கால்பங்குக்குத்தான் பொறுப்பு என்று நினைக்காதீர்கள். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. நான்கு பேரில் மூன்று பேர் கட்டாமல் விட்டாலும் வங்கி உங்களைக் கேட்கலாம். குறுந்தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. அதற்கு மேலும் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் அடமானம் இல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. மேலாளரிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். மேலாளர், 'இந்தத் திட்டத்துக்கு அடமானம் இல்லாமல் முடியாது' என்றால், அவர் இந்த அறிக்கையை எவ்வளவு நம்புகிறார் என்பது தெரிந்துவிடும். 40 ஏக்கர் புல்லும் வாங்குகிறவரின் கடிதமும் கையில் வந்த பிறகும் பத்திரம் தேவைப்பட்டால், நான்கு குடும்பமும் சமமாக வைக்கட்டும். கிணற்றுப் பாசனம் உள்ள அந்த 2 ஏக்கரைத் தனியாக வைக்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: "பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 35 சதவீதம் வரை மானியம் கிடைக்கிறதாம். வெட்டிவேர் எண்ணெய் ஆலைக்கு அதை வைத்தே கட்டிடச் செலவைச் சமாளிக்கலாமா?"

- ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்.

பதில்: முடியாது. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம். பெண்கள், பட்டியலினத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம். ஆனால், அந்தத் தொகை உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாக இருந்து, ஆலை ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான பிறகே கடனில் கழியும். கட்டும்போது முழுச் செலவுக்கும் கடனும் கைப்பணமும்தான்.

வெட்டிவேருக்கு மேலே சொன்ன ஓட்டும் கணக்கை அப்படியே போட்டுவிடாதீர்கள். எலுமிச்சைப் புல்லுக்கு மூன்று மணி நேரம் போதும். வெட்டிவேருக்கு 16 மணி நேரத்துக்குக் குறையாது, ஒரு நாள் முழுக்கவும் ஓடும். நாளைக்கு ஒரே ஈடுதான். விறகும் ஆள்கூலியும் பல மடங்கு. எண்ணெய்க்கு விலை மிக அதிகம் என்பது உண்மை. ஆனால், வேர் தோண்டும் கூலியும் அதற்கேற்ற மாதிரி அதிகம். உங்களிடம் எத்தனை ஏக்கர், எந்த மாதம் தோண்டுகிறீர்கள், வேரை இப்போது என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று எழுதுங்கள். வேராகவே விற்பதைவிட எண்ணெயில் எவ்வளவு கூடுதல் கிடைக்கும் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.